நாற்பத்தொரு டிகிரி நூடுல்ஸ்

போன மாதம் என் பழைய அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்றபின் வேலைக்குச் சேர்ந்தவர்கள்தான் பாதிப் பேர். எல்லார் கையிலும் ஒரு டேப்லெட். உணவகத்துக்குள் நின்று நாலு தட்டுத் தட்டினால் அறிக்கை அங்கேயே தயார். எங்கள் காலத்தில் மூன்று பிரதிக்குக் கார்பன் தாள். அழுத்தி அழுத்தி எழுதி என் நடுவிரலில் காய்த்துப்போன இடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதைக் காட்டியதும் சிரித்தார்கள். பிறகு ஒருவர், இத்தனை வருட இன்ஸ்பெக்‌ஷனில் மறக்கவே முடியாத கடை எது என்று கேட்டார். கரப்பான், எலி, கதவில் நோட்டீஸ் ஒட்டி மூடிய கதை என்று ஏதாவது வரும் என எல்லாரும் ஆவலாகப் பார்த்தார்கள்.

நான் ஒரு கிண்ணம் நூடுல்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது. எதிரே இருந்தவரின் தண்ணீர் டம்ளரைக் கையால் தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தப் பரபரப்பு அடங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் உணவகங்களைச் சோதிக்கும் சுகாதார ஆய்வாளராக இருந்தவள். பேர் வளர்மதி. கோபியில் பிறந்து கோயமுத்தூரில் மைக்ரோபயாலஜி படித்தேன். கல்யாணமாகி, கம்ப்யூட்டர் வேலையில் இருந்த என் வீட்டுக்காரர் செல்வராஜோடு தொண்ணூறாம் வருடம் கலிபோர்னியாவுக்கு வந்தேன். கிரீன் கார்டு வரும்வரை வீட்டில் சும்மா இருந்தேன். வந்ததும் பரீட்சை, பயிற்சி எல்லாம் முடித்து, தொண்ணூற்று நாலில் எங்கள் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சுகாதார அலுவலகத்தில் வேலை. டப்ளின், பிளசன்டன், லிவர்மோர் மூன்று ஊர்களிலும் இருந்த உணவகங்கள் என் பொறுப்பு. நாங்கள் குடியிருந்ததும் பிளசன்டனில்தான்.

எங்கள் மேலதிகாரி டாரத்தி. அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி. முன்பு ராணுவ மருத்துவமனையில் நர்சாக இருந்தவராம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பதுபோல் அவர் தெர்மாமீட்டர் வைத்திருப்பார். எந்த உணவகத்துக்குள் போனாலும் உட்கார மாட்டார், எதிலும் சாய மாட்டார். தன் பிளாஸ்கிலிருந்து மட்டும் தண்ணீர் குடிப்பார். நாம் போய் ஒரு கடையைப் பற்றி ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் பேசினாலும் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் கேட்பார்.

"எத்தனை?"

எத்தனை டிகிரி என்று அர்த்தம். குளிரில் இருக்க வேண்டியது நாற்பத்தொன்றுக்குக் கீழே இருக்க வேண்டும், ஃபாரன்ஹீட் கணக்கு. அந்த எண்ணைச் சொல்லாமல் அவரிடம் எதையும் சாதிக்க முடியாது. நல்ல மனிதர்கள், பாவம், கஷ்டப்படுகிறார்கள் என்று ஆரம்பித்தால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார்.

அவருடைய இன்னொரு விதிதான் எங்கள் வீட்டில் பெரிய சண்டைக்குக் காரணம். ஆய்வாளர் தன் ஏரியா உணவகத்தில் சாப்பிடக் கூடாது. டீகூடக் கூடாது. காசு கொடுத்தும் கூடாது. குடும்பத்துக்கும் அதே விதி. மூன்று ஊர்களும் என் ஏரியா என்றால் யோசித்துப் பாருங்கள். ஒரு பீட்சா சாப்பிட நாங்கள் மலையைத் தாண்டிக் கார் ஓட்டிப் போக வேண்டும். லிவர்மோர் கோயிலில் கொடுக்கிற சர்க்கரைப் பொங்கலை வாங்கலாமா என்று எனக்கே சந்தேகம் வந்து டாரத்தியிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்தார்.

"அதை உனக்குக் கொடுப்பது யார்?"

"சாமி கொடுப்பதாக எங்களுக்கு நம்பிக்கை."

"சாமியின் பெயரில் பர்மிட் இருக்கிறதா?"

"இல்லை."

"அப்படியானால் எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். முகத்தில் சிரிப்பே கிடையாது. அவர் வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது அந்தக் கடைக்கு வருகிறேன். தொண்ணூற்றெட்டு, இலையுதிர் காலம். டப்ளினில் ஒரு கடைவரிசை. சலவைக்கடைக்கும் பல் டாக்டருக்கும் நடுவில் புதிதாக ஒரு சீனச் சாப்பாட்டுக் கடை. கையால் இழுத்த நூடுல்ஸ், டம்ப்ளிங், அவ்வளவுதான் மெனு. கணவனும் மனைவியும் நடத்த இருந்தார்கள். மிஸஸ் லியூ கவுண்டரிலும் டம்ப்ளிங் மேசையிலும். லியூ நூடுல்ஸ் இழுப்பவர். அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவருக்கு வராது. வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குத் திறப்பு என்று கண்ணாடிக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். நான் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அந்தக் கதவு திறக்கும். நான் போனது செவ்வாய்க்கிழமை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கைகழுவும் தொட்டியில் வெந்நீர், சோப்பு, காகிதத் துண்டு. ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் பச்சை இறைச்சி, மேல்தட்டில் கீரை. மிஸஸ் லியூ வேகவைத்த டம்ப்ளிங் ஒன்றைத் தட்டில் வைத்தார். பூரணக் கொழுக்கட்டையை விளிம்பில் மடித்து மடித்துத் தைத்ததுபோல் அத்தனை அழகு. அதன் வயிற்றில் தெர்மாமீட்டரைக் குத்தினேன். நூற்றறுபத்தெட்டு. பாஸ்.

அப்போது பக்கத்தில் டப் என்று ஒரு சத்தம். திரும்பினேன்.

லியூ ஒரு மாவுக் கயிற்றை இரண்டு கைகளிலும் பிடித்து மேசையில் அடித்தார். கைகளை விரித்தார். கயிறு ஆள் அகலத்துக்கு நீண்டது. நடுவில் மடித்து மறுபடி விரித்தார். ஒன்று இரண்டானது, இரண்டு நாலானது, நாலு எட்டானது. அவர் கையைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ண ஆரம்பித்தேன். பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு. ஏழாவது மடிப்பில் நூற்றிருபத்தெட்டு இழை, ஒன்றோடொன்று ஒட்டாமல் அவர் விரல்களுக்கு நடுவே ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாவு வேலை என்றால் எனக்குப் புதிதா? இடியாப்பம் பிழிந்திருக்கிறேன், ஊரில் புரோட்டா மாஸ்டர் மாவை வீசுவதைச் சின்ன வயதில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கையில் இருந்த கிளிப்போர்டு கீழே விழுந்தது. மிஸஸ் லியூ எடுத்துக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் வினையானது. அதிகாரியாக வந்தவள் திருவிழாவில் வேடிக்கை பார்ப்பவளாக நின்றுவிட்டேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, ஈரத்துணிக்கு அடியில் இருந்த மாவு உருண்டையில் தெர்மாமீட்டரைக் குத்தினேன். எழுபத்தெட்டு. தண்ணீர் சேர்த்துப் பிசைந்த மாவு, புளிப்பு கிடையாது, அறைச் சூட்டில் இருக்கிறது. கிருமி வளர இடமுண்டு. படிவத்தில் எழுதினேன்: மாவு எப்போதும் நாற்பத்தொரு டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். மறு சோதனை வியாழக்கிழமை.

மிஸஸ் லியூ அதைப் படித்துக் கணவரிடம் சொன்னார். அவர் என்னைப் பார்த்தார். 

வியாழக்கிழமை மாலை நாலு மணிக்குப் போனேன். மாவு ஃப்ரிட்ஜில் இருந்தது. மிஸஸ் லியூ தானே புதிதாக ஒரு தெர்மாமீட்டர் வாங்கி அதில் செருகி வைத்திருந்தார்.

"நாற்பது" என்றார். "நீங்கள் நாற்பத்தொன்று சொன்னீர்கள். நாங்கள் நாற்பது வைத்தோம்."

லியூ அந்த மாவை எடுத்தார். மேசையில் அடித்தார். டப் என்ற சத்தம் வரவில்லை, கல்லை வைத்ததுபோல் ஒரு சத்தம். விரித்தார். முதல் மடிப்பில் நீண்டது. இரண்டாவதில் நடுவே அறுந்தது. இன்னொரு உருண்டையை எடுத்தார். அதுவும் அறுந்தது. மூன்றாவதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து, மெதுவாக இழுத்தார். மூன்று மடிப்புவரை வந்து, அவர் கையில் இரண்டு துண்டாகத் தொங்கியது. அந்த இரண்டு துண்டுகளையும் அவர் கீழே போடவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

என் சட்டப்படி கடை பாஸ். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மறுநாள் பதினொரு மணிக்கு, நூடுல்ஸ் இழுக்க முடியாத நூடுல்ஸ் கடை திறக்கும்.

"இது இல்லாமல் வெறும் டம்ப்ளிங் விற்றால்?" என்று கேட்டேன். கேட்டபோதே எனக்கு அசிங்கமாக இருந்தது.

"டம்ப்ளிங் நான் செய்வது" என்றார் மிஸஸ் லியூ. "அவர் நூடுல்ஸ்காரர். பதினாலு வயதிலிருந்து இது மட்டும்தான் தெரியும்."

கையெழுத்துப் போடவில்லை. நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஃப்ரீவேயில் எந்த எக்ஸிட்டில் இறங்கினேன் என்பதே நினைவில்லை.

வீட்டில் நுழைந்ததும் இட்லி மாவு புளித்த வாசனை. இங்கே இருக்கும் நம்மவர்கள் வீட்டில் எல்லாம் உள்ள பழக்கம்தான். குளிர் காலத்தில் மாவு பொங்காது என்று, அரைத்த மாவை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் அதன் விளக்கை மட்டும் எரியவிடுவோம். அந்த விளக்குச் சூட்டில் மாவு பொங்கும். நானும் வாரம் தவறாமல் செய்வதுதான். அன்று ஓவன் கண்ணாடி வழியாக அந்தப் பாத்திரம் என்னையே பார்த்தது. பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் குத்தினேன். எண்பத்திரண்டு. காலையிலிருந்து பத்து மணி நேரம்.

செல்வராஜ் பின்னால் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப உன்ற பேர்லயே ஒரு வயலேஷன் எழுதிக்கோ வளரு" என்றார். "மூணு காப்பி போடு. ஒண்ண ஃப்ரிட்ஜு மேல ஒட்டிக்கலாம்."

"சிரிக்காதீங்க. அந்த மனுசன் மாவக் கெடுத்துப்போட்டனுங்க. நாளைக்குக் கடை திறக்கறாங்க."

"நாமளும் இதத்தான பண்றோம்னு உங்க டாரத்திகிட்டச் சொல்லேன்."

எனக்கும் அந்த யோசனை வந்தது. அலுவலகப் பையில் புளிப்பைச் சோதிக்கும் தாள் இருந்தது. இட்லி மாவில் தோய்த்தேன். நல்ல புளிப்பு. இட்லி மாவு தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும், அந்தப் புளிப்பில் கெட்ட கிருமி தலையெடுக்காது. ஆனால் லியூவின் மாவில் போடுவது உப்பும், சமையல் சோடா மாதிரி ஒரு காரப் பொடியும். புளிப்புக்கு நேர் எதிர். என் வீட்டு மாவை வைத்து அவர் மாவுக்கு வக்காலத்து வாங்க முடியாது. ஓவன் கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பது வயது மகள் கயல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள்.

"ஹவ் லாங் இஸ் இட் அவுட், அம்மா?"

"நம்ம மாவா கண்ணு? காத்தால இருந்து."

"நோ, தேர்ஸ்."

அவளை நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. நாலு வருடம் டாரத்தியிடம் வேலை பார்த்து, எத்தனை டிகிரி என்று மட்டுமே கேட்கப் பழகியிருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் சட்டத்தில் அதற்கு ஒரு பின்வாசல் உண்டு. குளிரில் வைக்க முடியாத பண்டமானால், வெளியே வைத்த நேரத்தை எழுதி ஒட்ட வேண்டும். நாலு மணி நேரத்துக்குள் சமைத்துவிட வேண்டும். தவறினால் குப்பை. டாரத்தி அதை யாருக்கும் அனுமதித்ததில்லை. டிகிரியில் யாரும் பொய் சொல்ல முடியாது, நேரம் எழுதுவதில்தான் மனுஷன் பொய் சொல்வான் என்பது அவர் கட்சி. அதனால் அப்படி ஒரு வழி இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

எழுந்து போய்க் கடைக்குப் போன் பண்ணினேன்.

"மாவில் தண்ணீர் ஊற்றியதிலிருந்து கொதிக்கிற பானையில் போடும்வரை எவ்வளவு நேரம்?"

மிஸஸ் லியூ கணவரிடம் கேட்டார். சீன மொழியில் வேகமாகப் பேசினார்கள். பிறகு போனுக்கு வந்தார்.

"இரண்டு மணி நேரம். கொஞ்சம் கூட ஆகலாம். மூன்று ஆனால் அவர் தூக்கிப் போட்டுவிடுவார். மாவு களைத்துவிடும். களைத்த மாவு நீளாது."

எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது. எங்கள் சட்டம் நாலு மணி நேரம் கொடுக்கிறது. அவருடைய மாவு மூன்றுகூடக் கொடுப்பதில்லை. எங்களைவிட அது கறாரான அதிகாரி.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு டாரத்தியின் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"எத்தனை?" என்றார்.

"எழுபத்தெட்டு."

"பிறகு பேச என்ன இருக்கிறது?"

"இன்னொரு எண்ணும் இருக்கிறது. இரண்டு மணி நேரம்."

அவர் பிளாஸ்கை மூடி வைத்தார். "யார் சொன்னது?"

"கடைக்காரர்."

"கடைக்காரர் சொல்வது எண் இல்லை. நாம் பார்ப்பதுதான் எண்." நாற்காலியிலிருந்து கோட்டை எடுத்தார். "நீ கார் எடு."

எட்டே கால் மணிக்குக் கடையில் இருந்தோம். நாங்கள் பார்க்கும்போதே லியூ மாவில் தண்ணீர் ஊற்றினார். டாரத்தி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். மாவைப் பிசைந்து, உருண்டைகளாக்கி, ஈரத்துணி போட்டு மூடினார் லியூ. ஒவ்வொரு உருண்டைத் தட்டிலும் நேரம் எழுதிய வெள்ளை டேப் ஒட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எழுதுவேன், கிழிப்பேன், ஒட்டுவேன். அவரும் பார்த்துப் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டார். முதல் பானைக்கு ஆறு உருண்டை, அடுத்ததற்கு ஆறு. நேரம் போகப் போக எனக்குப் படபடப்பு. எங்கேயும் உட்காராத டாரத்தி, ஒன்பதரை மணிக்கு ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அதை அலுவலகத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

பத்து மணிக்கு லியூ முதல் உருண்டையை எடுத்தார். டப். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ஒன்று, இரண்டு, நாலு. டாரத்தி பக்கெட்டிலிருந்து எழுந்துவிட்டார். நூற்றிருபத்தெட்டு இழையும் கொதிக்கிற தண்ணீருக்குள் போனபோது கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நாலு. ஒரு மணி நாற்பத்தொன்பது நிமிடம். தாளில் குறித்துக்கொண்டார். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அதற்குள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றிருந்தார்கள்.

அடுத்த தட்டை லியூ எடுத்தார். அதில் டேப் இல்லை. அவர் செய்த தவறில்லை. டேப் ஒட்டும் வேலை என்னுடையது. அவசரத்தில் ஒரு தட்டை விட்டிருக்கிறேன். அது எட்டே கால் உருண்டைதான், எனக்கு நன்றாகத் தெரியும், அதன் பக்கத்து உருண்டையில் நானே எழுதியிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். டாரத்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று எனக்குப் புரிந்தது. கடைக்காரர் சொல்வது எண் இல்லை என்றால் நான் சொல்வதும் எண் இல்லை. வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் ஆங்கிலம் எதுவும் லியூவுக்குப் புரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார், டாரத்தி முகத்தைப் பார்த்தார், டேப் இல்லாத தட்டைப் பார்த்தார். பிறகு அந்த உருண்டையை அழுத்திப் பார்த்தார். நல்ல மாவு. அவர் விரல் பட்டதும் அது குழைந்ததிலேயே தெரிந்தது. அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, டேப் ஒட்டிய அடுத்த தட்டை எடுத்தார்.

டாரத்தி கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார்.

"இவர் பாஸ்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு மறு சோதனை வைக்க வேண்டும்" என்றார். இந்த முறை உதட்டின் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. நான் பார்த்தேன்.

பர்மிட்டில் கையெழுத்துப் போட்டபோது மணி பத்தே முக்கால். பதினொன்றுக்குக் கதவு திறந்தது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. மிஸஸ் லியூ இரண்டு கப் டீயோடு ஓடி வந்தார். டாரத்தி பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினார். நானும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வறுத்த மிளகாய் எண்ணெய் வாசனை கார்வரைக்கும் வந்தது. டாரத்தி சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "என்ன வாசனை" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப்பின் வந்த இரண்டரை வருடம்தான் எனக்குச் சோதனை. அந்தக் கடை டப்ளினில் ஓகோவென்று ஓடியது. கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் அதே பேச்சு. "ஆன்ட்டி, அந்த சூப் என்னா டேஸ்ட் தெரியுமா? வீக்கெண்ட் ஆனா அங்கதான் டிரைவ் பண்றோம்" என்று என்னிடமே சொல்வார்கள். எந்தத் தட்டில் எந்த மாவு, பானைத் தண்ணீர் எத்தனை டிகிரி, எல்லாம் எனக்குத் தெரியும். ருசி மட்டும் தெரியாது. ஒவ்வொரு சோதனையிலும் ஒரு டம்ப்ளிங்கைக் குத்துவேன், எண்ணைப் பார்ப்பேன், குத்தியதைக் குப்பையில் போடுவேன். "யூ போக் தெம் அண்ட் த்ரோ தெம் அவே? தட்ஸ் சோ மீன்" என்பாள் கயல்.

டேப் எழுதுவதில் லியூ ஒரு நாள்கூடத் தவறியதில்லை. ஆனால் நான் உள்ளே போனால் முதுகைத் திருப்பிக்கொள்வார். நான் கிளம்பும்வரை திரும்ப மாட்டார். அந்த வியாழக்கிழமையை அவர் மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைக்க நினைக்க எனக்கு வருத்தமாக இருக்கும். கையில் இரண்டு துண்டு மாவோடு அவர் நின்றது கண்ணைவிட்டுப் போகவில்லை.

இரண்டாயிரத்தில் டாரத்தி ஓய்வு பெற்றார், ஆனால் அவர் விதி அப்படியே இருந்தது. அடுத்த வசந்தத்தில் ஏரியாவைப் பிரித்தார்கள். எனக்கு லிவர்மோர் மட்டும். டப்ளின் வேறொருவருக்கு. அந்தக் கடிதத்தைப் படித்ததும் அலுவலகத்திலேயே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கடைக்குப் போன் போட்டு, இனிமேல் வேறு இன்ஸ்பெக்டர் வருவார் என்று சொன்னேன்.

"நீங்கள்?" என்றார் மிஸஸ் லியூ.

"நான் நாளைக்கே வருகிறேன். சாப்பிட."

சனிக்கிழமை பதினொன்றரை மணி. நான், செல்வராஜ், கயல். முன்வாசல் வழியாக, வாடிக்கையாளராக. மிஸஸ் லியூ ஜன்னல் ஓரம் மேசை போட்டுத் தந்தார். முட்டையும் பூண்டுத் தழையும் வைத்த டம்ப்ளிங் ஆவி பறக்க வந்தது. என் கை தானாகப் பைக்குள் போய்த் தெர்மாமீட்டரை எடுத்தது.

"இன்னைக்கு ஒரு நாளாச்சும் அத உள்ள வை, வளரு" என்றார் செல்வராஜ்.

ஒன்றை வாயில் போட்டேன். நாக்கு சுட்டது. உள்ளே இருந்த சாறு தாடையில் வழிந்தது. ஐயோ, இத்தனை நாள் இதையா குத்திக் குத்திக் குப்பையில் போட்டேன் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கயல் அதற்குள் நாலாவதில் இருந்தாள்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. லியூ வெளியே வந்தார். அவர் முகத்தை நான் நேராகப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. இரண்டு கைகளிலும் ஒரு பெரிய கிண்ணத்தை ஏந்தி வந்து என் முன்னால் வைத்தார். கிண்ணத்தின் விளிம்பில் வெள்ளை டேப், அவர் கையெழுத்து: 10.10. கிண்ணத்துக்குள் நூடுல்ஸ் சுருள் சுருளாகக் கிடந்தது. குச்சியால் ஒரு நுனியைத் தேடி எடுத்து விளிம்பில் தொங்கவிட்டார்.

"ஒன்று" என்றார் ஆங்கிலத்தில். "ஒன்றே ஒன்று. அறுக்கவில்லை."

எனக்குப் புரியவில்லை. மிஸஸ் லியூ விளக்கினார். அந்தக் கிண்ணம் முழுவதும் ஒரே நூடுல்ஸ். நுனியிலிருந்து நுனிவரை ஓர் இடத்திலும் அறுபடாதது. அவர்கள் ஊரில் பிறந்தநாளுக்குச் செய்வார்களாம், கடையில் யாருக்கும் செய்ததில்லையாம்.

"எனக்கு இன்று பிறந்தநாள் இல்லையே" என்றேன்.

"இல்லை. இத்தனை நாளும் இவர் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், அந்த அம்மா ஏன் சாப்பிடுவதில்லை என்று. சட்டம் என்று சொன்னேன், நம்பவில்லை. கடை திறப்பதற்கு முந்தின நாள் அறுந்ததைப் பார்த்தார்கள், அதனால் என் நூடுல்ஸ் பிடிக்கவில்லை என்பார். உங்களைப் பார்க்க வெட்கம். அதனால்தான் திரும்பி நிற்பார்."

நான் அவரைப் பார்த்தேன். இரண்டரை வருடம் அவர் முதுகைப் பார்த்து நான் குன்றிப்போயிருந்தேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு குன்றிப்போயிருந்திருக்கிறார். அழுகை வந்தது. மறைக்கவில்லை.

லியூ சுவர்க் கடிகாரத்தைக் காட்டி நாலு விரல்களை விரித்தார். சீக்கிரம் சாப்பிடுங்கள் என்று சைகை காட்டினார்.

தொங்கிய நுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன். "டோன்ட் பைட் இட், அம்மா. டோன்ட் பைட்" என்று கயல் மேசையைத் தட்டினாள். செல்வராஜும் தட்டினார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மென்று மென்று உள்ளே இழுத்துக்கொண்டே இருந்தேன். அது வந்துகொண்டே இருந்தது, வழுவழுவென்று, கடிபட மறுத்து, காரமும் சூடுமாக. மூக்கில் தண்ணீர், கண்ணில் தண்ணீர். லியூ நகரவே இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசி நுனி உள்ளே போனபோது மணி பன்னிரண்டு பத்து. கிண்ணத்தில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன். இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தது. இன்னொரு கிண்ணம் கேட்டேன்.